கை தானாகப் போகும் இடம்

அந்த எட்டு வினாடிகளை நான் பதினொரு முறை கேட்டேன். வேலைக்கு ஒரு முறை போதும்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் குரலுக்குக் கட்டுப்படும் விளக்குகளையும் மின்விசிறிகளையும் பொருத்திக் கொடுத்தால், முதல் முப்பது நாட்களுக்கு அந்த வீட்டுக்குப் புரியாமல் போன பேச்சு மட்டும் எங்களுக்கு வந்து சேரும். ஒவ்வொரு துணுக்கும் எட்டு வினாடி. வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அனுமதிதான். காலையில் மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவேன். இது ஃபேனை நிறுத்தச் சொன்னது, இது பாத்திரம் விழுந்த சத்தம், இது தும்மல் என்று ஒவ்வொன்றாகக் குறித்துத் திருத்துவேன். முப்பத்தொன்றாம் நாள் எல்லாவற்றையும் அழித்துவிடுவேன். கேட்டதை வீட்டில்கூடப் பேசுவதில்லை. அந்தக் கட்டுப்பாட்டை எனக்கு நானே போட்டுக்கொண்டு, அதில் கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொண்டிருந்தேன்.

தொழில் என்றால் நானும் என் கணவரும்தான். சுவருக்குள் ஓடுவதெல்லாம் அவர் பொறுப்பு. சுவருக்கு வெளியே பேச்சும் போனும் என் பொறுப்பு. சட்டைப் பையில் பேனாவுக்குப் பதிலாக எப்போதும் டெஸ்டர் இருப்பதால் ஊருக்கெல்லாம் அவர் 'டெஸ்டர்'. ஆரம்பத்தில் அவர் சுவிட்ச் போட்டார், நான் ரசீது எழுதினேன். இப்போது நான் சுவிட்சை எடுக்கச் சொல்கிறேன், அவர் எடுக்கிறார்.

பல் டாக்டர் வீடு அப்படித்தான் வந்தது. கீழே கிளினிக், மேலே வீடு. அவளும் பக்கவாதம் வந்த அவள் அப்பாவும் மட்டும். என் வயதுதான் இருப்பாள். பழைய சுவிட்ச் பலகைகளையெல்லாம் எடுத்துவிட்டு, சுவரை மொழுமொழுவென்று பூசித் தரச் சொன்னாள். "நாள் முழுக்க கையுறைக்குள்ள கை. வீட்டுக்கு வந்தா எதையும் தொடவே பிடிக்கல சிஸ்டர்," என்றாள். வீட்டைக் கூப்பிட ஒரு பெயர் வேண்டும் அல்லவா? முன்பு அங்கே வளர்ந்த பூனையின் பெயரைத் தேர்ந்தெடுத்தாள். "மீனு, லைட்ட போடு." விளக்கு எரிந்தது. "பூனை இருந்தப்ப ஒரு நாளாவது சொன்னத கேட்டுச்சா? செத்த பிறகுதான் கேக்குது." அவள் சிரித்தபோது என் கணவரும் சிரித்தார்.

அவர் யார் பேச்சுக்கும் எளிதில் சிரிக்கிறவர் இல்லை. நான் அதைப் பார்த்தேன். பார்த்ததை அப்போது ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அப்பாவின் குரல் வீட்டுக்குப் பிடிபடவில்லை. வாயின் ஒரு பக்கம் அசைவதில்லை. மீனு என்பது 'ஈனு' என்று வந்தது, அதுவும் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி. பக்கத்தில் உட்கார்ந்து இருபது முறை சொல்ல வைத்தேன். இருபத்தொன்றாவது முறை சொல்லச் சொன்னபோது அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் இம்போசிஷன் எழுத வைத்த மாதிரி ஆகிவிட்டது.

"அப்பாவுக்கு மட்டும் ஒரு சுவிட்ச் போட்டுத் தர முடியுமா?" என்று டாக்டர் கேட்டாள்.

"சுவிட்ச் கேக்குற ஆளும் இன்னும் இருக்காங்களே!" என்றார் என் கணவர். அவர் முகத்தைப் பார்த்தால், காணாமல் போன பொருளை யாரோ எடுத்து வந்து கையில் கொடுத்த மாதிரி இருந்தது.

அன்று மாலை ஹாலில் உட்கார்ந்து ஐந்து விதமான சுவிட்சுகளைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். டக். டிக். டொக். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நான் சமையலறையிலிருந்து, "குட்டி, ஹால் லைட்ட கம்மி பண்ணு," என்றேன். குட்டி என்பது எங்கள் வீட்டின் பெயர். வெளிச்சம் குறைந்தது. அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "நான் இங்க உக்காந்திருக்கேன்," என்றார்.

"தெரியுமே, இருட்டுலயே கேளுங்க. கேக்குறதுக்கு வெளிச்சம் எதுக்கு?"

ஒரே ஒரு சுவிட்சுக்கு அவர் அந்த வீட்டுக்கு ஒரே வாரத்தில் மூன்று முறை போனார். முதல் நாள் இடம் பார்க்க. இரண்டாம் நாள் பொருத்த. மூன்றாம் நாள் எதற்கு என்று நான் கேட்கவில்லை. "டாக்டரம்மாவுக்கும் ஒண்ணு வேணுமாம்," என்று அவரே சொன்னார். அடுத்த நாள் காலை அந்தத் துணுக்கு வந்தது.

முதலில் அந்தப் பெரியவரின் 'ஈனு'. ஏதோ கேட்க நினைத்துக் கூப்பிட்டிருக்கிறார். வீட்டுக்குப் புரியவில்லை. ஆனால் விழித்துக்கொண்டு எட்டு வினாடி கேட்டிருக்கிறது. அவருக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, என் கணவரின் குரல்.

"கண்ண மூடிக்கோங்க. தேடாதீங்க. கை தானா எங்க போகுதோ போகட்டும்."

பிறகு ஒரு பெண்ணின் சிரிப்பு. சிரிப்பு முடிவதற்குள் எட்டு வினாடி முடிந்துவிட்டது.

இதில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கலாம். யாரிடமாவது சொன்னால் கேட்கத்தான் செய்வார்கள். அதனால்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

எங்கள் கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பு, நாங்கள் குடியிருக்கும் இந்த வீடு பூச்சு வேலை முடியாமல் நின்றது. இரு வீட்டுப் பெரியவர்களும் சமையல் மேடை கிழக்கா மேற்கா என்று முன்னறையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் என்னைப் படுக்கையறை வாசலுக்குக் கூப்பிட்டார். ஈரச் சிமெண்டு வாசனை. அதுவரை நாங்கள் தனியாக நாலு வார்த்தை பேசியதில்லை. "கண்ண மூடிக்கோ. உள்ள வர்ற மாதிரி வா. தேடாத. கை தானா எங்க போகுதோ போகட்டும்," என்றார். கை நீண்டது. உள்ளங்கை சுவரில் பட்டதும் அதைச் சுற்றி சாக்பீஸ் ஊர்ந்து போவது தெரிந்தது. அவர் என்னைத் தொடவில்லை. சாக்பீஸ்தான் தொட்டது. கண்ணைத் திறந்தபோது சுவரில் என் கை அளவுக்கு ஒரு வட்டம். "மத்தவங்களுக்கு டேப்பு. உனக்குக் கை," என்றார்.

அதன் பிறகு எத்தனையோ வீடுகள். எல்லாவற்றிலும் தரையிலிருந்து டேப்பைப் பிடித்து, ஒரே உயரத்தில் ஒரே கோடு. நான்தான் டேப்பின் அடி முனையைக் காலால் மிதித்துக்கொண்டு நிற்பேன். ஒவ்வொரு முறை டேப் விரியும்போதும் எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது. இதோ, இவர்களுக்கு டேப்புதான். ஒன்பது வருடமாக இந்த அற்பச் சந்தோஷத்தில் வாழ்ந்திருக்கிறேன் என்பது அந்தத் துணுக்கைக் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

வித்தியாசம் ஒரே ஒரு 'ங்க'தான். மற்றபடி அதே சொற்கள், அதே நிதானம். என் கண்ணாடி வளையலை இன்னொருத்திக்குக் கழற்றிக் கொடுத்திருந்தால்கூடச் சண்டை போட்டு வாங்கியிருக்கலாம். சொன்ன வார்த்தையை எப்படித் திருப்பி வாங்குவது?

வயிற்றெரிச்சல் என்கிறார்கள். எனக்கு அது வயிற்றில் இல்லை, காதில் இருந்தது. பாத்திரம் கழுவும்போது அந்தச் சிரிப்பு பாதியில் நிற்கும். அதன் மீதியை நானே எழுதினேன். ஒரு நாள் அவள் சிரித்து முடித்ததும் அவர் கையைப் பிடித்தாள். இன்னொரு நாள் அவர் பிடித்தார். பிறகு அவள் அவரைக் கூப்பிடும் விதத்தை யோசிக்க ஆரம்பித்தேன். முதல் நாள் 'எலெக்ட்ரீஷியன்' என்றாள். அப்புறம் 'டெஸ்டர் சார்'. என்னை மட்டும் சிஸ்டர் என்றவளுக்கு அவரை அண்ணா என்று கூப்பிட வாய் வரவில்லை. காய்கறிக்காரரை எல்லோரும் அண்ணா என்கிறார்கள், தண்ணீர் கேன் போடுகிறவரை அண்ணா என்கிறார்கள். ஒரு பல் டாக்டருக்கு அதில் என்ன கஷ்டம்?

இவ்வளவும் யோசித்துவிட்டு அவருக்குச் சோறு போட்டேன். "உப்பு ஜாஸ்தி," என்றார். "இருக்கட்டும்," என்றேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் டாக்டர் வீட்டுச் சுவரைக் குடைந்து சுவிட்சை வைக்க வேண்டும். அன்று பார்த்து ஒரு பெரிய கடையில் மெயின் போர்டு எரிந்துபோய் அங்கே ஓட வேண்டியதாயிற்று. "டாக்டரம்மாகிட்ட நாளைக்கு வர்றேன்னு சொல்லிடு," என்றார்.

"எதுக்கு? நான் போய் வச்சுட்டு வர்றேன். சுவிட்ச் பெட்டி வைக்கத் தெரியாதா எனக்கு?"

"வட்டம் போட்டு வச்சிருக்கேன். அதுலயே வச்சிடு."

வட்டம் அவளுடைய படுக்கையறை வாசலுக்கு உள்ளே இருந்தது. என் கையை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். அவள் என்னைவிடக் குள்ளம். வட்டம் டேப் கோட்டுக்கு நான்கு விரல் கீழே, ஒரு சாண் உள்ளே தள்ளி இருந்தது. கோடு கொஞ்சமும் நடுங்காமல் போயிருந்தது. என் வட்டத்தில் ஓரிடத்தில் சாக்பீஸ் உடைந்து கோடு இரண்டாகப் போயிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. ஒன்பது வருடத்தில் கை தேறிவிட்டது போல.

ஈரத்துணியை எடுத்து வட்டத்தைத் துடைத்தேன். டேப்பை விரித்து, அடி முனையை நானே மிதித்துக்கொண்டு, எல்லோருக்கும் வைக்கிற உயரத்தில் பென்சிலால் குறித்தேன்.

அப்போதுதான் ஹாலுக்கு அந்தப் பக்கம் டிக் என்று சத்தம் கேட்டது. பெரியவரின் அறைக் கதவு திறந்திருந்தது. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கைக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்தில் என் கணவர் வைத்த சுவிட்ச். அறை விளக்கு எரிந்தது. அணைந்தது. எரிந்தது. அணைந்தது. அவர் கண்ணை என் மேலிருந்து எடுக்கவில்லை.

நான் துளைக்கும் மெஷினை ஓட்டினேன். கீழே கிளினிக்கில் அவளும் அதே சமயம் யாருடைய பல்லையோ குடைந்துகொண்டிருந்தாள். அந்தச் சத்தம் தரை வழியாக மேலே வந்தது. மெஷினை நிறுத்தும்போதெல்லாம் டிக், டிக் என்று பெரியவரின் சுவிட்ச்.

சிமெண்டு பூசி முடிக்கும்போது டாக்டர் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு மேலே வந்தாள். சுவரைப் பார்த்தாள். "இன்னும் கொஞ்சம் கீழ இல்ல இருந்துச்சு?"

"அங்க உள்ள பைப் ஓடுது டாக்டர். உளி வைக்க முடியாது. இதுதான் ஸ்டாண்டர்டு உயரம்."

"அப்படியா, சரி சரி." உடனே நம்பிவிட்டாள். வாயைத் திற என்றால் திறக்கும் மனிதர்களைப் பார்த்துப் பழகியவள்; பிறர் சொன்னதையும் அப்படித்தான் எடுத்துக்கொள்வாள் போலும். "எதுக்கு எனக்கு சுவிட்ச்னு நெனைச்சிருப்பீங்க. நாள் முழுக்க மத்தவங்கள வாயத் தொறங்க வாயத் தொறங்கன்னு கத்திட்டு மேல வந்தா, என் வாயத் தொறக்கவே தெம்பு இல்ல. மீனுகிட்ட கூட பேச முடியல." பிறகு அப்பாவின் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். விளக்கு எரிந்து அணைந்துகொண்டிருந்தது. "பாருங்க, சின்னப் புள்ள மாதிரி. சுவிட்ச் வந்ததுலேருந்து அப்பாவுக்கு இதே விளையாட்டு."

அது விளையாட்டு இல்லை என்று அந்த வீட்டில் எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும்.

ஐந்து நாள் கழித்து, பெரியவரின் சுவிட்சைச் சரிபார்க்கப் போன என் கணவர் திரும்பி வந்து செருப்பைக் கழற்றாமலே சமையலறை வாசலில் நின்றார்.

"அங்க பைப் ஓடுதுன்னு சொன்னியாமே."

நான் வெங்காயத்தை நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"அந்தச் சுவத்துக்குள்ள வயர் போட்டவன் நான். எனக்குத் தெரியாம எந்தப் பைப்பு ஓடுது?"

"அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

"ஆமா, ஓடுதுன்னேன். வேற என்ன சொல்றது? என் வீட்டம்மா பொய் சொல்றான்னா?" செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். "பாவம், கைய வெச்சு வெச்சு சுவத்துல அழுக்குப் படிஞ்சு கிடக்கு. நாலு விரல் தள்ளி."

"டேப் வச்சுதான் அளந்தேன். மத்தவங்களுக்கு டேப்புதானே?"

அவருக்கு இப்போது புரிந்தது. புரிந்ததும் முகத்தில் முதலில் வந்தது குற்ற உணர்வு இல்லை, ஆச்சரியம். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அவர் மறைக்கவே இல்லை. மறைக்க வேண்டியது என்றே அவருக்குத் தோன்றவில்லை.

"உனக்கு யாரு சொன்னா?"

"நீங்கதான். உங்க குரல்தான் வந்துச்சு."

"அடுத்தவங்க வீட்டுக்குள்ள காத வச்சுக் கேட்டியா?"

"அது என் வேலை."

"எத்தன தடவ கேட்ட?"

பொய் சொல்லியிருக்கலாம். "பதினொரு தடவ."

அவர் என் கையிலிருந்த கத்தியை வாங்கிப் பலகையில் வைத்துவிட்டு, "வா," என்று படுக்கையறை வாசலுக்குக் கூட்டிப் போனார். சுவரில் மகளின் பள்ளி டைம்டேபிள் ஒட்டியிருந்தது. நான் ஒட்டியதுதான். நாலு மூலையிலும் செல்லோ டேப் ஒட்டி, ஓரங்களில் மகள் பூ வரைந்திருந்தாள்.

"இதுக்கு அடியில என்ன இருக்குன்னு ஞாபகம் இருக்கா?"

நான் மகள் வரைந்த பூக்களையே பார்த்தேன்.

"ரெண்டு வருஷமாச்சு உன் சுவிட்ச நீ தொட்டு. எல்லாத்துக்கும் குட்டி, குட்டி. புள்ளைக்கு சுவிட்ச்னா என்னன்னே தெரியல. நான் எதுவும் கேக்கல. தொழிலு, வீட்டுலயே பழகணும்னு சொன்ன, சரின்னேன். நீ ஒட்டுறப்ப பக்கத்துல நின்னு டேப்பக் கிழிச்சுக் குடுத்தவன் நான்." குரல் உயரவே இல்லை. "அந்தம்மா ஒரு சுவிட்ச் வேணும்னு கேட்டாங்க. கை எங்க போகும்னு பாத்தேன். வேற என்னத்துக்குன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது."

"எனக்கு மட்டும்னு சொன்னீங்க."

"சொன்னேன்," என்றார். "அந்த சுவிட்ச நாளைக்கு நீயே போய் மாத்து. பைப்ப வேற பக்கம் திருப்பியாச்சுன்னு சொல்லியிருக்கேன்."

பதில் நியாயமானதுதான். ஆனால் நியாயமான பதிலை வைத்துக்கொண்டு பொறாமை என்ன செய்யும்? அன்று முழுக்க எனக்குள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி, நான்தான் முதலில் காகிதம் ஒட்டினேன் என்று ஒப்புக்கொண்டாள். இன்னொருத்தி, அதனால் என்ன, என் சுவரில் நான் காகிதம் ஒட்டுவேன், அதற்காக என் வார்த்தையை எடுத்து ஊருக்குக் கொடுப்பாரா என்றாள். இரண்டாமவளுக்குத்தான் குரல் அதிகம்.

மறுநாள் காலை கிளினிக் திறக்கும் முன்பே போனேன். பெரியவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கை சுவிட்சுக்குப் போனது, ஆனால் அழுத்தவில்லை. அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "மாத்தத்தான் வந்திருக்கேன்," என்றேன்.

வைத்ததைப் பெயர்த்தெடுத்து ஓட்டையை அடைத்தேன். அதன் பிறகுதான் நான் செய்துவைத்த காரியம் முழுதாக எதிரே வந்து நின்றது. அந்த வட்டத்தை நானே துடைத்திருந்தேன். சுவரில் இப்போது கோடு இல்லை, கை பட்டுப் பட்டுப் பரவிய அழுக்குதான். நான்கு விரல் கீழே, ஒரு சாண் உள்ளே என்று குத்துமதிப்பாக வைக்கலாம். ஆனால் அது என் விரல், என் சாண். சரியான இடம் அவள் கைக்குத்தான் தெரியும்.

"டாக்டர், ஒரு நிமிஷம் இங்க வாங்க." பையிலிருந்து சாக்பீசை எடுத்தேன். அந்த வார்த்தைகளை நான் கேட்டிருக்கிறேன், பதினொரு முறை திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன், ஆனால் என் வாயால் ஒரு முறையும் சொன்னதில்லை.

"கண்ண மூடிக்கோங்க."

மூடினாள்.

மூடிய கண்ணோடு ஒரு முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. தூங்குகிற முகம் வேறு. இது விழித்துக்கொண்டே தன்னை இன்னொருவர் பொறுப்பில் விட்டுவிட்ட முகம். புருவத்துக்கு நடுவில் எப்போதும் இருக்கிற அவளுடைய மடிப்பு காணாமல் போயிருந்தது. உதடு லேசாகப் பிரிந்திருந்தது. இதை அவர் பார்த்திருக்கிறார். இவ்வளவு கிட்டத்தில் நின்று பார்த்திருக்கிறார். எரிந்தது, இப்போது காதில் இல்லை, வயிற்றில்தான். எல்லோரும் சொல்கிற இடத்திலேயே.

ஆனால் அதோடு இன்னொன்றும் வந்தது. ஒன்பது வருடமாக அந்த நிமிடத்தை என் பக்கத்திலிருந்து மட்டுமே வைத்திருந்தேன். இமைக்குள் இருட்டு, சிமெண்டு வாசனை, கையைச் சுற்றிப் போன சாக்பீஸ். அந்தப் பக்கம் நின்றவருக்கு என்ன தெரிந்தது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. இப்போது அவர் நின்ற இடத்தில் நான் நிற்கிறேன். அவருக்குத் தெரிந்தது என் முகம். அன்று சாக்பீஸ் ஏன் உடைந்தது என்று இப்போது தெரிகிறது. இந்த வீட்டு வட்டத்தில் கோடு நடுங்கவில்லையே. அதை நான்தானே பார்த்தேன்.

"உள்ள வர்ற மாதிரி வாங்க. தேடாதீங்க. கை தானா எங்க போகுதோ போகட்டும்."

அவள் கை நீண்டது. உள்ளங்கை சுவரில் அமர்ந்தது. மருந்து வாசனை அடிக்கிற, நகம் ஒட்ட வெட்டிய, வேலை செய்கிற கை. ஒரு விரல் தள்ளி வரையலாம் என்று அப்போதும் ஓர் ஆசை வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். கோட்டை அவள் விரல் நுனியை ஒட்டியே கொண்டுபோனேன்.

அவள் சிரித்தாள். அதே சிரிப்பு. எட்டு வினாடியில் அறுந்துபோன இடத்தைத் தாண்டி அது எங்கே போகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கூசுது சிஸ்டர்," என்றாள். "அன்னைக்கும் இப்படித்தான், டெஸ்டர் சார் கோடு போட்டப்ப கையை வெடுக்குன்னு எடுத்துட்டேன். 'டாக்டரே இப்படி ஆடினா பேஷண்டு என்ன பண்ணுவாங்க'ன்னு திட்டினார்."

"ஆடாம நில்லுங்க," என்றேன். என் குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது. வட்டத்தை முடித்துவிட்டு உளியை எடுத்தேன்.